அரிய ஓமோன் நோய்கள்: இனங்காணலும் சிகிச்சையும்

க.பொ.த. (சாதாரண தர) விஞ்ஞான பாடத்தில் இரசாயன இயைபாக்கம் என்னும் பகுதியைப் படிக்கும் மாணவர்களுட் பெரும்பாலானோர் சுரப்பி, ஓமோன், தொழில் என்னும் மூன்று நிரல்களைக் கொண்ட அட்டவணையை மனனம் செய்வதோடு நிறுத்திக்கொள்கின்றனர். அட்டவணை தேவையானதுதான். ஆனால் "ஏன்?" என்று வினவப்படும்போது அது கைகொடுப்பதில்லை. ஓர் ஓமோன் குறைந்தால் அல்லது கூடினால் உடலில் என்ன நிகழும், அதனை வைத்தியர் எவ்வாறு கண்டுபிடிக்கிறார், என்ன செய்து சீராக்குகிறார் என்பவற்றை விளங்கிக்கொண்டால் அட்டவணை தானாகவே மனதில் பதியும். எனவே அதிகம் பேசப்படாத சில நோய்களைக் கொண்டு இப்பகுதியை இங்கு நோக்குவோம்.

முதலில் ஒரு மீட்டல். ஓமோன்கள் கானில்லாச் சுரப்பிகளிலிருந்து நேரடியாகக் குருதிக்குள் விடப்படுகின்றன. மிகச் சிறிய அளவிலேயே தொழிற்படுகின்றன. குருதியோடு உடலெங்கும் சென்றாலும் தமக்குரிய இலக்கு அங்கங்களில் மாத்திரமே விளைவை ஏற்படுத்துகின்றன. இவற்றுடன் நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஓமோனின் அளவு தன்னைத் தானே கட்டுப்படுத்துகின்றது. குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம் போதிய அளவு குளிர்ந்ததும் இயந்திரம் நின்றுவிடுகிறது. வெப்பம் ஏறியதும் மீண்டும் இயங்குகிறது. அதுபோலவே குருதியில் தைரொட்சின் குறையும்போது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கும். தைரொட்சின் போதியளவு வந்ததும் அத்தூண்டல் குறைந்துவிடும். இதுவே எதிர்ப்பின்னூட்டல் எனப்படும். இக்கட்டுரை முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேலேயே நிற்கின்றது.

உப்புப் பொதியிலிருந்து தொடங்குவோம்

புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத்தெருவில் மொத்த வியாபாரக் கடைகளின் வாசலில் மூடைகளும் பெட்டிகளும் அடுக்கப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அத்தகைய கடையொன்றிலிருந்து உங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்த உப்புப் பொதியை எடுத்து வாசித்துப் பாருங்கள். அயடீன் சேர்க்கப்பட்டது என்று அச்சிடப்பட்டிருக்கும். இலங்கையில் உணவு உப்புக்கு அயடீன் சேர்த்தல் 1995ஆம் ஆண்டு சட்டத்தினால் கட்டாயமாக்கப்பட்டது. அயடீன் தனி மூலகமாகவன்றி, எளிதில் ஆவியாகாத பொற்றாசியம் அயடேற்றாகவே சேர்க்கப்படுகின்றது.

இதற்குரிய காரணம் நமது நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்தில் இருந்தது. அப்பிரதேசம் நீண்டகாலமாகக் கண்டக்கழலை வலயம் என அழைக்கப்பட்டு வந்தது. தொடர்ச்சியான மழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிச் செல்வது இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. 17 மாவட்டங்களின் பாடசாலை மாணவரிடையே நடத்தப்பட்டு 1989இல் வெளியான ஆய்வொன்றின்படி 18.8 சதவீதமானோருக்குக் கண்டக்கழலை இருந்தது. களுத்துறை மாவட்டத்தில் இது 30.2 சதவீதம். அதாவது பத்துப் பிள்ளைகளில் மூவர்.

கழுத்து ஏன் வீங்குகின்றது? தைரொட்சின் மூலக்கூற்றை ஆக்குவதற்கு அயடீன் இன்றியமையாதது. அயடீன் இல்லாதபோது தைரொட்சின் குறைகின்றது. கபச்சுரப்பி தூண்டும் ஓமோனை மேலும் மேலும் அனுப்புகின்றது. மூலப்பொருள் இல்லாத தொழிற்சாலைக்குக் கட்டளை மட்டும் கூடினால் எப்படியோ அப்படித்தான். சுரப்பியின் கலங்கள் பெருகிச் சுரப்பி பருக்கின்றதேயன்றி உற்பத்தி சீராவதில்லை. "அயடீன் குறைவதால் கண்டக்கழலை ஏற்படும்" என்று ஒரே வரியில் எழுதுவோர் இடையிலுள்ள கபச்சுரப்பியை விட்டுவிடுகின்றனர். விளக்கம் கேட்கும் வினாவில் புள்ளி இழக்கப்படுவது இவ்விடத்திலேயாகும். இன்னுமொன்று: கழுத்து வீங்கியவர்கள் எல்லோருக்கும் தைரொட்சின் குறைவு என்று முடிவு செய்யக்கூடாது. தைரொட்சின் மிகையாகச் சுரக்கும் நோயிலும் சுரப்பி பருக்கலாம். அந்நோயாளி மெலிவார், வியர்ப்பார், கை நடுங்கும், நாடித்துடிப்பு வேகமாக இருக்கும்.

பிறந்த குழந்தையின் குதிக்காலில் ஒரு துளி

தைரொட்சின் குறைபாட்டினால் வளர்ந்தவர்கள் சோர்வடைகின்றனர், உடல் பருக்கின்றது, குளிரைத் தாங்க முடிவதில்லை, தோல் வரள்கின்றது. சிகிச்சையளித்தால் இவை யாவும் பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் பிறந்த குழந்தைக்கு இக்குறைபாடு இருப்பின் நிலைமை முற்றிலும் வேறு. வாழ்வின் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மூளையின் நரம்புக் கலங்கள் விரைவாக வளர்ந்து ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. இதற்குத் தைரொட்சின் அவசியம். அக்காலம் தவறிவிட்டால் பின்னர் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் இழந்ததை முழுமையாக மீட்க முடியாது. உளவளர்ச்சியும் உடல் வளர்ச்சியும் குன்றிய இந்நிலையைப் பழைய பாடநூல்கள் குறளுருமை என்று குறிப்பிட்டன.

உலகளவில் ஏறக்குறைய 2000 தொடக்கம் 4000 வரையான பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இக்குறைபாட்டுடன் பிறக்கின்றது. பெரும்பாலானவற்றில் தைரொயிட் சுரப்பி உருவாகாமலோ, முழுமையாக வளராமலோ, தனக்குரிய இடத்தில் அமையாமலோ இருப்பதே காரணமாகும். இவற்றில் பெரும்பங்கு பெற்றோரிடமிருந்து வருவதுமன்று. கருவுற்றிருந்தபோது தாய் உண்ட ஏதோ ஒன்றினால் வந்ததுமன்று. "எங்கள் பரம்பரையில் இப்படி இல்லையே" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வதுண்டு. அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

இங்குதான் ஒரு சிக்கல் எழுகின்றது. இத்தகைய குழந்தை பிறந்தவுடன் பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருக்கும். தாயின் தைரொட்சின் சூல்வித்தகத்தினூடாக ஓரளவு சென்று அதனைக் காத்திருக்கும். அது தீர்ந்த பின்னரே அறிகுறிகள் மெல்லத் தோன்றுகின்றன: மஞ்சள் நிறம் நாட்கணக்கில் நீடித்தல், மலச்சிக்கல், பால் குடிக்க ஆர்வமின்மை, கரகரத்த அழுகை, பெரிய நாக்கு, தொப்புள் புடைத்திருத்தல், குளிர்ந்த தோல். பிள்ளை அதிகம் அழாது, நீண்ட நேரம் உறங்கும். "மிகச் சாதுவான பிள்ளை" என்று வீட்டார் மகிழ்ந்துகொண்டிருக்கும் வாரங்களிலேயே மூளைக்கு வேண்டிய காலம் கழிந்துகொண்டிருக்கும். அறிகுறி தெரியும்வரை காத்திருப்பது பயனற்றது என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எனவேதான் அறிகுறி இல்லாத எல்லாக் குழந்தைகளுக்கும் பரிசோதனை செய்யும் முறை வந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஜோன் டுசோல் என்னும் வைத்தியர் 1970களின் முற்பகுதியில் இதனை ஆரம்பித்தார். இலங்கையில் 2010ஆம் ஆண்டு தென் மாகாணத்தில், காலியிலுள்ள ருகுணுப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பங்களிப்புடன் இது தொடங்கிப் பின்னர் நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் விரிவுபெற்றது.

செய்முறை மிக எளியது. குழந்தையின் குதிக்காலின் ஓரத்தில் சிறிதாகக் குத்தி, வரும் குருதியைத் தடித்த வடிதாளில் வட்டத்தினுள் ஊறவிட்டு உலர்த்துவர். உலர்ந்த தாள் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டுத் தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனின் அளவு கணிக்கப்படும். தைரொட்சினை அளவிடாமல் தூண்டும் ஓமோனை ஏன் அளவிடுகிறார்கள்? எதிர்ப்பின்னூட்டலை நினைவுகூருங்கள். தைரொயிட் சற்றே பின்தங்கினாலும் கபச்சுரப்பி உரத்துக் கத்தத் தொடங்கிவிடும். அந்தக் குரலை அளப்பது எளிது. மாதிரியைப் பிறந்த உடனேயே எடுப்பதுமில்லை. கருப்பையின் வெப்பத்திலிருந்து வெளியே வந்தவுடன் எல்லாக் குழந்தைகளிலும் தூண்டும் ஓமோன் திடீரென உயர்ந்து பின் தணியும். எனவே 24 மணித்தியாலங்கள் கழிந்த பின்னர், இயன்றால் 48 தொடக்கம் 72 மணித்தியாலங்களுக்கிடையில் எடுப்பதே சிறந்தது.

உயர்ந்த அளவு காணப்பட்டால் பெற்றோர் அழைக்கப்பட்டு, நாளக்குருதியில் தைரொட்சினும் தூண்டும் ஓமோனும் மீண்டும் அளவிடப்படும். நடைமுறையில் இந்த அழைப்புத்தான் பலவீனமான கண்ணி என்பது எமது எண்ணம். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வாடகைக்கு இருந்து கொழும்பு வைத்தியசாலையில் பிள்ளையைப் பெற்று, அடுத்த வாரமே யாழ்ப்பாணத்திலுள்ள தாய்வீட்டுக்குச் செல்லும் குடும்பங்கள் பல. படிவத்தில் எழுதிய தொலைபேசி இலக்கம் தவறாயின், ஆய்வுகூடம் சரியாகக் கண்டுபிடித்த முடிவும் வீட்டைச் சென்றடையாது. உங்கள் அக்காவுக்கோ மாமிக்கோ குழந்தை பிறந்திருந்தால், குதிக்காலில் குருதி எடுத்தார்களா, சரியான இலக்கம் கொடுத்தீர்களா என்று கேட்க உங்களால் முடியும்.

நோய் உறுதியானதும் சிகிச்சை ஒரு சிறிய மாத்திரை. செயற்கைத் தைரொட்சின் குழந்தையின் உடல் நிறையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 10 தொடக்கம் 15 மைக்கிரோகிராம் வரை கொடுக்கப்படும். 3 கிலோகிராம் நிறையுள்ள குழந்தைக்கு இது 30 தொடக்கம் 45 மைக்கிரோகிராம் ஆகும். பிறந்து இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவதே இலக்கு. மாத்திரையை நசுக்கிச் சிறிதளவு தாய்ப்பாலிலோ நீரிலோ கலந்து கரண்டியால் ஊட்டலாம். போத்தல் நிறையப் பாலில் கலந்தால் பிள்ளை மிச்சம் விடும்போது மருந்தும் மிஞ்சிவிடும். இரும்பு, கல்சியம், சோயா ஆகியன இம்மருந்து உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால் அவற்றுடன் சேர்த்துக் கொடுத்தலாகாது. பிள்ளை வளர வளர அளவு மாறும் என்பதால் அடிக்கடி குருதிப் பரிசோதனை வேண்டும். கொழும்பில் பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இத்தகைய பிள்ளைகளுக்கான விசேட சிகிச்சை வழங்கப்படுகின்றது. பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று பெற்றோர் தாமாக மருந்தை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. பிள்ளை நன்றாக இருப்பதே அந்த மருந்தினால்தான்.

ஓமோனைக் கொடுத்தே நோயைத் தீர்க்கலாம் என்பது எப்போது தெரிந்தது? 1891இல் இங்கிலாந்தின் ஜோர்ஜ் மறி என்னும் வைத்தியர் செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றை ஒரு பெண் நோயாளிக்கு ஊசி மூலம் ஏற்றினார். அப்பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914இல் எட்வேர்ட் கெண்டல் தைரொட்சினைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்.

குறைந்ததைத் தூண்டு, மிகுந்ததை அடக்கு

ஓமோன் நோய்களை இனங்காண்பதில் வைத்தியர்கள் கையாளும் ஓர் அழகிய விதி உண்டு. ஒரு சுரப்பி குறைவாகச் சுரக்கிறது எனச் சந்தேகித்தால் அதனைத் தூண்டிப் பார்ப்பர். மிகையாகச் சுரக்கிறது எனச் சந்தேகித்தால் அதனை அடக்கிப் பார்ப்பர். சுகமான சுரப்பி கட்டளைக்குப் பணியும். நோயுற்ற சுரப்பி பணியாது.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்துள்ள அதிரீனல் சுரப்பியின் மேற்பட்டை அழிந்தால் கோட்டிசோல், அல்டொஸ்தெரோன் ஆகிய ஓமோன்கள் குறைகின்றன. 1855இல் தோமஸ் அடிசன் விபரித்ததால் இது அடிசன் நோய் எனப்படுகிறது. நோயாளி மாதக்கணக்கில் மெலிவார், எழுந்து நின்றால் தலை சுற்றும், உப்பு மீது அடங்காத ஆசை ஏற்படும். தோல், முரசு, உள்ளங்கை ரேகைகள் கறுக்கும். எமது நிறத்தில் தோல் கறுப்பதை எவரும் கவனிப்பதில்லை. வெயிலில் திரிந்ததால் என்று சொல்லிவிடுவர். எனவே வாயின் உட்புறத்தையும் ரேகைகளையும் பார்க்க வேண்டும். குருதியில் சோடியம் குறைந்து பொற்றாசியம் கூடியிருக்கும். அதிரீனலைத் தூண்டும் செயற்கை ஓமோனை ஊசியாக ஏற்றி அரைமணி நேரத்தின் பின் கோட்டிசோலை அளவிட்டால் அது உயராதிருக்கும். குறைந்த ஓமோன்களை மாத்திரைகளாக நாள்தோறும் வாழ்நாள் முழுவதும் எடுப்பதே சிகிச்சை. காய்ச்சல் கண்டால் அளவைக் கூட்ட வேண்டும். ஏனெனில் சுகதேகிகளின் உடல் அவ்வேளையில் தானாகவே கூடுதலாகச் சுரக்கும். வாந்தியினால் மாத்திரை தங்காவிட்டால் உடனே வைத்தியசாலைக்குச் சென்று ஊசி மூலம் பெற வேண்டும். தாமதம் உயிராபத்தாகும்.

இதற்கு நேர்மாறானது குஷிங் நோய்நிலை. கோட்டிசோல் மிகுந்து முகம் உருண்டு, வயிறு பருத்து, கை கால்கள் மெலிந்து, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் தோன்றும். இரவில் டெக்சாமெதசோன் மாத்திரை கொடுத்து மறுநாள் காலையில் கோட்டிசோலை அளவிடுவர். அடங்காவிட்டால் சந்தேகம் வலுப்படும். ஆயினும் இத்தோற்றத்துக்கு மிகப் பொதுவான காரணம் சுரப்பி நோயன்று. நீண்டகாலம் உட்கொண்ட ஸ்டீரொயிட் மருந்தேயாகும். மூட்டுவலிக்கென லேபல் இல்லாமல் விற்கப்படும் தூள்களில் ஸ்டீரொயிட் இரகசியமாகக் கலந்திருந்த சம்பவங்கள் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளன. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டிருக்கும்போது எதிர்ப்பின்னூட்டலினால் அதிரீனல் உறங்கிவிடும். அம்மருந்தைத் திடீரென நிறுத்தினால் அடிசன் நோயாளியின் நிலையே ஏற்படும். ஆகவே படிப்படியாக, வைத்தியரின் மேற்பார்வையில் குறைக்க வேண்டும்.

வளர்ச்சி ஓமோன் சிறுவயதில் மிகையாகச் சுரந்தால் இராட்சத வளர்ச்சி ஏற்படும். அமெரிக்காவின் ரொபேட் வட்லோ (1918-1940) 272 சென்ரிமீற்றர் உயரம் வளர்ந்தார். வளர்ச்சி முடிந்த பின் சுரந்தால் உயரம் கூடாது. கை, பாதம், தாடை என்பன பருக்கும். ஒருவர் புறக்கோட்டையில் சப்பாத்து வாங்கும் ஒவ்வொரு முறையும் பெரிய அளவாகவே வாங்க நேர்ந்தால், மோதிரமும் இறுகினால், அது கொழுத்ததனால் மாத்திரம் என்று தள்ளிவிடலாகாது. குளுக்கோசு குடிக்கக் கொடுத்தால் சாதாரணமானவரில் வளர்ச்சி ஓமோன் குறையும், இவரில் குறையாது. அதே விதிதான்.

ஒரே பெயர், இரு நோய்கள்

"நீரிழிவு" என்றதும் நாம் இன்சுலினை நினைக்கிறோம். ஆனால் வெல்லமில்லா நீரிழிவு என்று ஓர் அரிய நோயும் உண்டு. சிறுநீரகத்தில் நீர் மீள உறிஞ்சப்படுவதற்கு, கபச்சுரப்பியின் பிற்சோணையிலிருந்து விடப்படும் சிறுநீர்ப்பெருக்கெதிர் ஓமோன் தேவை. அது குறைந்தால் நோயாளி நாளொன்றுக்குப் பல லீற்றர் சிறுநீர் கழிப்பார், இரவிலும் தாகம் தணியாது. சிறுநீரில் குளுக்கோசு இராது. நிறமற்று நீர்போல் இருக்கும். வைத்தியசாலையில், கண்காணிப்பின் கீழ் சில மணித்தியாலங்கள் நீர் அருந்தாமல் வைத்திருந்தும் சிறுநீர் செறிவடையாவிட்டால் நோய் புலப்படும். பின்னர் டெஸ்மோபிரெசின் என்னும் செயற்கை ஓமோனைக் கொடுத்தவுடன் சிறுநீர் செறிவடைந்தால் பிழை கபச்சுரப்பியில்; அப்போதும் செறிவடையாவிட்டால் பிழை சிறுநீரகத்தில். இச்சோதனையை வீட்டில் செய்து பார்ப்பது மிக ஆபத்தானது.

சிறுவர்களில் தோன்றும் முதலாம் வகை நீரிழிவில் சதையியின் இன்சுலின் சுரக்கும் கலங்கள் அழிந்துவிடுகின்றன. படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தல், நன்கு உண்டும் மெலிதல், தாகம் என்பன எச்சரிக்கைகள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முறையாக இன்சுலின் ஏற்றப்படும்வரை இந்நோய் மரண தண்டனையாகவே இருந்தது.

அனுசேபம் தடைப்படும்போது

ஓமோனன்றி நொதியம் இல்லாமையாலும் இதுபோன்ற நிலை உண்டாகலாம். பீனைல்கீற்றோனூரியா இதற்கு உதாரணம். பீனைலலனின் என்னும் அமினோவமிலத்தைத் தைரோசினாக மாற்றும் நொதியம் தொழிற்படாமையால் அது குருதியில் சேர்ந்து மூளையைப் பாதிக்கின்றது. நோர்வேயின் அஸ்பியோர்ன் ஃபோலிங் 1934இல் இதனைக் கண்டறிந்தார். 1960களின் முற்பகுதியில் ரொபேட் கத்ரி உலர்ந்த குருதிப் பொட்டில் இதனைக் கண்டுபிடிக்கும் முறையை அமைத்தார். குதிக்கால் வடிதாள் முறைக்கு மூலம் இதுவே. இங்கு மருந்தாவது உணவுக் கட்டுப்பாடு. சீனியற்ற மென்பானங்களின் லேபலில் பீனைலலனின் பற்றிய எச்சரிக்கை இருப்பது இவர்களுக்காகவே.

இந்நோய் பின்னிடைவான பரம்பரையலகினால் வருவது. பெற்றோர் இருவரும் நோயற்ற காவிகளாயின் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் நிகழ்தகவு 1/4. மச்சான், மச்சாள் திருமணத்தில் இருவரும் ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே பரம்பரையலகைப் பெற்றிருக்கக்கூடும் என்பதால் இத்தகைய நோய்களின் நிகழ்தகவு உயர்கின்றது. முதற் பிள்ளைக்கு வந்தால் அடுத்த மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று சிலர் விடை எழுதுகின்றனர். அது தவறு, ஒவ்வொரு பிள்ளைக்கும் கணக்கு மீண்டும் புதிதாகவே தொடங்கும்.

பயிற்சி வினா

மூன்று நோயாளிகளின் குருதிப் பரிசோதனை முடிவுகள் வருமாறு. அ: தைரொட்சின் குறைவு, தூண்டும் ஓமோன் உயர்வு. ஆ: தைரொட்சின் குறைவு, தூண்டும் ஓமோனும் குறைவு. இ: தைரொட்சின் உயர்வு, தூண்டும் ஓமோன் மிகக் குறைவு.

(i) ஒவ்வொருவரிலும் குறைபாடு எச்சுரப்பியில் உள்ளது?

விடை: அ என்பவரில் தைரொயிட் சுரப்பி, கபச்சுரப்பி கட்டளை அனுப்பியும் அது சுரக்கவில்லை. ஆ என்பவரில் கபச்சுரப்பி. தைரொட்சின் குறைந்தும் அது கட்டளை அனுப்பவில்லை. இ என்பவரில் தைரொயிட் சுரப்பி கட்டளையின்றியே மிகையாகச் சுரக்கின்றது. கபச்சுரப்பி சரியாகவே அடங்கியுள்ளது.

(ii) தூண்டும் ஓமோனை மட்டும் அளவிடும் குதிக்கால் பரிசோதனையில் தப்பிவிடக்கூடிய குழந்தை இவற்றுள் எந்நிலையை ஒத்தது? காரணம் தருக.

விடை: ஆ. கபச்சுரப்பியே பழுதடைந்துள்ளதால் தூண்டும் ஓமோன் உயர்ந்திராது; எனவே முடிவு சாதாரணமானது போலத் தோன்றும். ஆகவே பரிசோதனை முடிவு சாதாரணமாக இருந்தபோதிலும், நீடித்த மஞ்சள் நிறமும் மலச்சிக்கலும் பால் குடியாமையும் உள்ள குழந்தைக்குத் தைரொட்சினையும் அளவிடுதல் வேண்டும்.